பறவை தாண்டாத கணவாய்

கோயம்புத்தூரில் ரயிலேறி பாலக்காட்டுக்குப் போகிறவர்கள் வாளையாறு நெருங்கும்போது இரண்டு பக்க ஜன்னல்களையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். வடக்கே கைக்கெட்டும் தூரத்தில் மலைச்சுவர். தெற்கே வெகு தொலைவில், நீலப் புகைபோல இன்னொரு மலைச்சுவர். அது நெல்லியாம்பதி, அதற்கப்பால் ஆனைமலை. 1,600 கிலோமீட்டர் நீளத்துக்கு மேற்குக் கடற்கரையோடு கூடவே வரும் மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில் மட்டும் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறது. இதுதான் பாலக்காட்டுக் கணவாய். இருபுறமும் மலைகள் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் எழும்பியிருக்க, நடுவில் கணவாயின் மேடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர்தான். ஆனியிலும் ஆடியிலும் கோவை, பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களின் வேட்டியைப் பிடித்து இழுக்கும் காற்று இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. பல்லடத்துக் காற்றாலைகள் சுற்றுவதும் அதனால்தான்.

காற்று தாண்டுகிறது, மேகம் தாண்டுகிறது, ரயில் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடுகிறது. இறக்கை முளைத்த ஒரு சின்னப் பறவை மட்டும் தாண்டுவதில்லை.

நீலகிரியின் உச்சிச் சோலைகளில் ஒரு பறவை இருக்கிறது. பதினைந்து சென்டிமீட்டர் நீளம். ஏறத்தாழ ஊர்க்குருவியளவு. முதுகும் மார்பும் சிலேட்டுப் பலகையின் கருநீலம், விலாப்பக்கம் துருவேறிய செம்பழுப்பு. கணவாயைத் தாண்டித் தெற்கே இடுக்கி மாவட்டத்து மூணாறு, இரவிகுளம் பக்கமோ, ஆனைமலை, பழனி மலைகளிலோ போய்ப் பார்த்தால், அதே அளவில், அதே நடையில், அதே இருட்டு மூலையில் இன்னொரு பறவை. ஆனால் இதன் விலாவில் செம்பழுப்பு கிடையாது. அங்கேயும் நீலம் படர்ந்து, வயிறு மட்டும் வெள்ளையாக இருக்கும். வடக்கில் இருப்பது தெற்கில் இல்லை. தெற்கில் இருப்பது வடக்கில் இல்லை. முன்னதை நீலகிரி சோலைக்கிளி என்றும் பின்னதை வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்றும் இங்கே அழைக்கிறேன்.

கிளி என்றதும் நம் கண்ணில் பச்சை இறக்கையும் சிவந்த மூக்கும் வந்து நிற்கும். மலையாளத்தில் அப்படி இல்லை. அங்கே தத்தை வேறு, கிளி வேறு. சிறு பறவை எதுவும் கிளிதான். நாமும் வெட்டுக்கிளி என்று சொல்லும்போது அந்தப் பழைய விரிந்த பொருளை அறியாமலே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே சோலைக்கிளி என்பது கிளி இனமல்ல, சோலையில் வாழும் சிறு பறவை என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இமயமலைப் பக்கத்திலிருந்தும் அதற்கும் வடக்கேயிருந்தும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சாம்பல் வாலாட்டி மூணாற்றுக்கு வருகிறது. எடை இருபது கிராமுக்குள். இந்தியத் துணைக்கண்டத்தின் நீளத்தையே தாண்டி வந்து, சோலைக்கிளி இரைதேடும் அதே ஓடையின் கல்லில் உட்கார்ந்து வாலை ஆட்டுகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்த வாலாட்டிக்குப் பக்கத்திலேயே, நாற்பது கிலோமீட்டரைத் தாண்டாத சோலைக்கிளி. இறக்கை இருவருக்கும் உண்டு. அப்படியானால் தடுப்பது எது?

பதில் சோலை என்ற சொல்லிலேயே இருக்கிறது. சமவெளிக்காரர்களுக்குச் சோலை என்றால் மாந்தோப்போ, பூங்காவோ. மலைக்காரர்களுக்கு அது ஒரு குறிப்பிட்ட காடு. ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேலே, சரிவெல்லாம் புல்வெளியாக இருக்க, இரண்டு மேடுகள் சேரும் மடிப்புகளில் மட்டும் நீரோடையைக் கட்டிக்கொண்டு குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும். கிளையெல்லாம் பாசி. உள்ளே நுழைந்தால் நண்பகலிலும் மாலை ஆறு மணி வெளிச்சம். தரையில் மக்கிய இலை, அதன்மேல் இடுப்பளவு குறிஞ்சிப் புதர். சோலைக்கிளியின் உலகம் அந்தப் புதருக்கும் தரைக்கும் நடுவிலுள்ள ஒரு மீட்டர் உயரம்தான். அது பறப்பதைவிடத் தத்துவது அதிகம். இலையைப் புரட்டி பூச்சி பொறுக்கும். மரப்பொந்திலோ ஓடைக்கரைப் பொந்திலோ பாசி வைத்துக் கூடு கட்டும். அதன் இறக்கை குட்டை, நுனி உருண்டது. ஆங்கிலேயர்கள் ஒரு காலத்தில் இதைக் 'குட்டைச் சிறகன்' என்ற பொருள்படும் பெயரால்தான் அழைத்தார்கள்.

மூணாற்றுப் பக்கத்து வட்டவடைக்கு அருகே ஒரு சோலை விளிம்பில் விடியற்காலை ஒருமுறை இதைக் கிட்டத்தில் பார்த்தேன். வெளிச்சம் வருவதற்கு முன்பே விசில் தொடங்கிவிட்டது: தெளிவான நாலைந்து சுரம், நடுநடுவே தொண்டையைக் கரகரவென்று உரசியதுபோல ஓர் ஒலி, மறுபடி சுரம். பாதையில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். புதருக்குள்ளிருந்து தத்தி வந்து பாதையின் ஓரத்தில் நின்றது. நெற்றியில் வெளிறிய நீலக் கோடு, அதற்குக் கீழே பெரிய கறுத்த கண். ஒரு இலையைப் புரட்டியது, புழுவை எடுத்தது. பாதையின் அகலம் எட்டடி இருக்கும். அந்த எட்டடியைத் தாண்ட அது இரண்டு முறை தயங்கியது. மூன்றாம் முறை தாழப் பறந்து எதிர்ப்புதருக்குள் விழுந்தது. திறந்த வெளியை இது எப்படி நினைக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

மலையில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஏப்ரலில் பாலக்காட்டில் நாற்பது டிகிரியைத் தொடும்போது, இரண்டாயிரம் மீட்டரில் இருக்கும் சோலைக்குள் குளிர்ச்சியாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் மூணாற்றுப் புல்வெளியில் உறைபனி விழும். ஆக, கணவாயைத் தாண்ட நினைக்கும் சோலைக்கிளி முதலில் கீழே இறங்க வேண்டும். பின் பனந்தோப்பும் நெல்வயலும் வெயிலும் நிறைந்த, தனக்கு எந்த வகையிலும் பழக்கமில்லாத நாடு ஒன்றைக் கடக்க வேண்டும். மறுபடி ஏற வேண்டும். சோலைக்குச் சோலை அளந்தால் தூரம் கணவாயின் அகலத்தைவிட இன்னும் கூடும். நமக்குக் கடல் எப்படியோ, அதற்குச் சமவெளி அப்படி. கடலுக்கு நடுவே தீவுகள் இருப்பதுபோல, வெப்பக் கடலுக்கு நடுவே குளிர்ந்த உச்சிகள். இவற்றை அறிவியலில் வான்தீவுகள் என்கிறார்கள். அழகுக்காகச் சூட்டிய பெயரல்ல இது. தீவுகளில் நடக்கும் பரிணாமம் அப்படியே இங்கேயும் நடப்பதால் வந்தது.

இந்த இரண்டு பறவைகளும் பெயர் பெற்ற கதை நீளமானது. வடக்கத்தியதை 1840களில் டி. சி. ஜெர்டன் விவரித்தார், சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்தவர், உதகையிலும் வாழ்ந்தவர். தெற்கத்தியதைப் பழனி மலையில் சேகரித்தவர் அமெரிக்கப் பாதிரியார் சாமுவேல் ஃபேர்பேங்க். 1860களின் இறுதியில் அதைத் தனி இனமாக விவரித்தவர் நிலவியலாளர் வில்லியம் பிளான்ஃபோர்ட். அப்போது அவை இரண்டு. பின்னால் வந்தவர்கள் அருங்காட்சியகப் பெட்டியில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, நிறம்தானே வேறு, வடிவம் ஒன்றுதானே என்று ஒரே இனமாக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அப்படியே போனது. 2005இல் ராஸ்முசனும் ஆண்டர்டனும் தங்கள் தெற்காசியப் பறவைகள் நூலில் மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள். எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்பதும் தீரவில்லை. ஒருவர் ஒரு பேரினத்தில் வைப்பார், அடுத்தவர் வேறொன்றில் வைப்பார்.

நிறத்தை வைத்து வாதாடினால் இந்த வழக்கு முடியாது. ஒரே இனத்திலேயே நிறம் மாறும். வேறு வேறு இனங்கள் ஒரே நிறத்தில் இருக்கும். ஆகவே ஆய்வாளர்கள் பறவையின் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கப் போனார்கள்.

உ.வே. சாமிநாதையர் பழைய நூல்களைப் பதிப்பித்த முறையை நினைத்துப் பாருங்கள். ஓலைச்சுவடி நிரந்தரமல்ல, சிதைவதற்குள் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது கை தவறும். 'ன' என்பது 'ள' ஆகும், ஒரு சொல் விடுபடும். அடுத்துப் படியெடுப்பவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவார், தன் பங்குக்குப் புதிதாக ஒன்றும் செய்வார். ஒரே மூலத்திலிருந்து ஒரு படி நெல்லைக்கும் ஒரு படி தஞ்சைக்கும் போனதென்று வைத்துக்கொள்வோம். சில நூற்றாண்டுகள் கழித்து, நெல்லைச் சுவடிகளுக்கெல்லாம் பொதுவான சில பிழைகள் இருக்கும், அவை தஞ்சைச் சுவடிகளில் இருக்காது. பாடபேதங்களை எண்ணினால் எந்தச் சுவடி எந்தக் குடும்பம் என்று தெரியும். பேதங்கள் எவ்வளவு கூடுதலோ, பிரிந்து அவ்வளவு காலம்.

மரபணு என்பது ஒவ்வொரு தலைமுறையும் படியெடுக்கும் சுவடி. படியெடுக்கையில் நேரும் பிழைக்குச் சடுதிமாற்றம் என்று பெயர். பிழைகள் ஏறத்தாழ ஒரு சீரான வேகத்தில் சேர்வதால், இரண்டு பறவைகளுக்கு நடுவிலுள்ள வேறுபாடுகளை எண்ணிக் காலத்தைக் கணிக்கலாம். இதை மூலக்கூறுக் கடிகாரம் என்பார்கள். கடிகாரத்துக்கு முதலில் நேரம் வைக்க வேண்டுமே? அதற்குத் தேதி தெரிந்த ஒரு சுவடி வேண்டும். ஹவாய்த் தீவுகள் ஒவ்வொன்றும் கடலிலிருந்து எப்போது எழும்பின என்று எரிமலைப் பாறையிலிருந்து தெரியும். அந்தந்தத் தீவுக்கே உரிய பறவைகள் பிரிந்த காலத்தை அதனோடு ஒப்பிட்டுப் பறவைகளின் கடிகார வேகத்தைத் திருத்தியிருக்கிறார்கள். சீரான வேகம் என்பதே தோராயம்தான். ஆகவே இந்தக் கடிகாரம் மணி சொல்லும், நிமிடம் சொல்லாது.

இதற்கு வேண்டிய சுவடி ஒரு சொட்டு ரத்தம். சோலைக்குள் மெல்லிய நூல்வலையைக் கட்டி, விழும் பறவையை உடனே எடுத்து, துணிப்பையில் போட்டு எடைபார்த்து, இறக்கையின் அடியிலுள்ள ரத்தநாளத்திலிருந்து சிறு துளி எடுத்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள். மலை மலையாக இதைச் செய்ய வேண்டும். ஒரு மலையில் கிடைத்ததை வைத்து அடுத்ததைச் சொல்லிவிட முடியாது. வி.வி. ராபினும் உமா ராமகிருஷ்ணனும் மற்றவர்களும் சேர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இப்படித்தான் நீலகிரியிலிருந்து தென்கோடி அகத்தியமலை வரையிலான உச்சிகளை ஒப்பிட்டது. கிடைத்த பாடபேதங்களில் மிக ஆழமான பிளவு எங்கே விழுந்தது தெரியுமா? பாலக்காட்டுக் கணவாயில். அதற்குத் தெற்கே, செங்கோட்டை ஆரியங்காவு வழியாகப் போகும் சிறிய கணவாயிலும் ஒரு பிளவு இருந்தது, ஆனால் ஆழம் குறைவு. கணவாய் எவ்வளவு அகலமோ, பிரிவும் அவ்வளவு பழையது. வடக்கத்தியதும் தெற்கத்தியதும் பிரிந்த காலத்தை ஆயிரங்களில் அல்ல, பத்துலட்சங்களில் எண்ண வேண்டும்.

ஒரு பறவையில் மட்டும் இப்படி இருந்தால் தற்செயல் என்று தள்ளலாம். அதே சோலைகளில் வாழும் சிரிப்பான்களைப் பாருங்கள். மனிதர் சிரிப்பதுபோலக் கூட்டமாகக் கத்தும் பறவை. மூணாறு போனவர்கள் தேயிலைத் தோட்டத்து வேலியோரம் கட்டாயம் கேட்டிருப்பார்கள். கணவாய்க்கு வடக்கே நீலகிரி சிரிப்பான். தெற்கே பழனி சிரிப்பான். பழனி சிரிப்பானின் அறிவியல் பெயரில் அந்த ஃபேர்பேங்க் பாதிரியாரின் பெயர் இன்னும் இருக்கிறது. சோலைக்கிளிக்கும் சிரிப்பானுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இருவேறு பரம்பரைகள் ஒரே இடத்தில் முறிந்திருக்கின்றன என்றால், காரணம் பறவைக்குள் இல்லை, நிலத்தில் இருக்கிறது.

2017இல் ராபின், சி.கே. விஷ்ணுதாஸ், சுஷ்மா ரெட்டி, உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்ட குழு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரே ஒரு மரபணுவை நம்பாமல், பல மரபணுக்களை எடுத்து ஆசியாவின் உறவுப் பறவைகளோடு ஒப்பிட்டார்கள். ஒரு சுவடியை மட்டும் நம்பாமல் பல சுவடிகளைப் பார்ப்பதைப்போல. சோலைக்கிளிகள் இதுவரை வைத்திருந்த எந்தப் பேரினத்திலும் பொருந்தவில்லை. நீல நிற ஈப்பிடிப்பான்களின் கூட்டத்துக்குத்தான் கிட்டத்துச் சொந்தம் என்று தெரிந்தது. அவற்றுக்கென்றே ஷோலிகோலா என்று புதிய பேரினம் அமைத்தார்கள். சோலையில் வாழ்வது என்று பொருள். நம் மலைச்சொல் ஒன்று லத்தீன் விகுதியைக் கட்டிக்கொண்டு உலகப் பறவைப் பட்டியலில் ஏறிவிட்டது. சிரிப்பான்களுக்கு மான்டிசிங்க்லா. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இருக்கும் சோலைக்கிளியையும் அவர்கள் தனி இனமாகவே விவரித்தார்கள். அதை எல்லாப் பட்டியல்களும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லாமல் போவது சரியல்ல. பாலக்காட்டுக் கணவாய் இந்தப் பறவைகளைவிட எவ்வளவோ பழையது. அது திறந்தபோது சோலைக்கிளி என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஆகவே 'மலை பிளந்தது, பறவை பிரிந்தது' என்று சொல்ல முடியாது. அந்தப் பள்ளம் எப்போதும் இருந்தது. பறவையின் முன்னோர் எப்போதோ ஒரு காலத்தில் அதைத் தாண்டியிருக்க வேண்டும். எப்படி? காலநிலை மாறியிருக்க வேண்டும்.

மாறியதற்குச் சான்று நீலகிரியின் சதுப்பில் கிடைக்கிறது. புல்வெளிப் பள்ளங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகள் மக்கி மக்கி அடுக்கடுக்காகக் கரிமண் படிந்திருக்கிறது. அந்த உயரத்து மரங்களும் வெப்பநாட்டுப் புற்களும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் வழி வேறு. அதனால் மக்கிய பின்னும் அவற்றின் கரியில் கனமான அணுக்களின் விகிதம் வேறாக இருக்கும். எந்த அடுக்கில் எந்த விகிதம் என்று அளந்தால், அந்தக் காலத்தில் சுற்றிலும் மரமா, புல்லா என்று சொல்லலாம். ஆர். சுகுமாரும் அவர் கூட்டாளிகளும் 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியூழி உச்சத்தில் இங்கே வறட்சி, புல் ஓங்கியிருந்தது. பிறகு ஈரம் வந்தபோது காடு விரிந்தது. இப்படிச் சோலை சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து வந்திருக்கிறது. இதைவிட மிகப் பழைய, குளிர்ந்த, ஈரமான ஒரு காலத்தில் குளிர்காடு தாழ்வாக இறங்கி வந்திருந்தால், முன்னோர்ப் பறவை ஒன்று கடந்திருக்கலாம். பிறகு வெப்பம் ஏறியது. பாதை மூடிக்கொண்டது. படிகள் தனித்தனியே எழுதப்படத் தொடங்கின.

மரபணு மட்டுமல்ல, பாட்டும் படியெடுக்கப்படுவதுதான். பாடும் பறவைகள் பாட்டோடு பிறப்பதில்லை. குஞ்சு மூத்த ஆணைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறது. கற்பது என்றால் பிசகும், ஊருக்கு ஊர் மாறும். 'ஏனுங்க' என்கிறவரும் 'ஏலே' என்கிறவரும் ஒரே தமிழைக் கற்றவர்கள்தானே. பறவையின் பாட்டை ஒலிப்பதிவு செய்து, சுரம் மேலேறுவதையும் கீழிறங்குவதையும் படமாக விரித்து, நீளம், உயரம், சுரங்களின் வகை என்று அளப்பார்கள். சேத்தனா புருஷோத்தமும் ராபினும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்ட செய்தி ஒன்று உண்டு. பழங்காலத் தடைகளால் பிரிந்த கூட்டங்களில் பாட்டின் ஒருவகைக் கூறுகள் மாறியிருந்தன. அண்மைக் காலக் காடழிப்பால் பிரிந்த கூட்டங்களில் வேறுவகைக் கூறுகள் மாறியிருந்தன. அதாவது நாம் வெட்டிய வெட்டு பறவையின் வாய்மொழியில் ஏற்கெனவே கேட்கத் தொடங்கிவிட்டது.

இனி பாதுகாப்பு நிலைக்கு வருவோம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் நீலகிரி சோலைக்கிளி 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற வகையில் இருக்கிறது. வெண்வயிற்றுச் சோலைக்கிளி அதற்கு ஒரு படி கீழே, 'அழிவுக்கு இலக்காகக்கூடியது'. சிரிப்பான் ஜோடியிலும் இதே கதை: நீலகிரியுடையது இலக்காகக்கூடியது, பழனியுடையது அதற்கும் ஒரு படி கீழே, 'அச்சுறுத்தலை நெருங்குவது'. இரண்டு ஜோடியிலும் வடக்கத்தியதுதான் மோசமான நிலையில். ஏன்?

பட்டியலில் வகை பிரிப்பது தலை எண்ணி மட்டும் அல்ல. புதருக்குள் ஒளியும் பறவையை யார் எண்ணி முடிப்பது? அதனால் பரப்பையும் பார்க்கிறார்கள். கோலத்துக்குப் புள்ளி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பறவை இருக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு புள்ளி. ஓரத்துப் புள்ளிகளையெல்லாம் சுற்றி ஒரு கோடு இழுத்தால் உள்ளே அடங்கும் நிலம் பரவல் எல்லை. அது 20,000 சதுர கிலோமீட்டருக்குள் இருந்தால் ஒரு வகை, 5,000க்குள் இருந்தால் அடுத்த கடுமையான வகை. ஆனால் கோட்டுக்குள் கோலமெல்லாம் புள்ளியாக இருக்காது, வெற்றிடமே அதிகம். எனவே இரண்டுக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டமாக நிலத்தைப் பிரித்து, பறவை உண்மையில் வாழும் கட்டங்களை மட்டும் எண்ணுவது இன்னொரு அளவு. அது வாழும் பரப்பு. இதோடு முடியவில்லை. வாழிடம் துண்டு துண்டாக இருக்கிறதா, தொடர்ந்து குறைகிறதா என்ற கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் வந்தால்தான் அந்த வகை உறுதியாகும்.

தெற்கே ஆனைமலை, பழனி, ஆனைமுடியைச் சுற்றிய மூணாற்று உச்சிகள் என்று உயர்நிலம் அகன்று கிடக்கிறது. 2,695 மீட்டர் ஆனைமுடி இமயத்துக்குத் தெற்கே மிக உயர்ந்தது. வடக்கே நீலகிரியை விட்டால் மீதி எல்லாம் வயநாட்டிலும் குடகுப் பக்கத்திலும் சிதறிய சிறு உச்சிகள். புள்ளிகள் குறைவு, துண்டுகள் அதிகம்.

இரண்டும் ஒரே இனமாக எண்ணப்பட்ட காலத்தில், நீலகிரியில் அழிந்தாலும் மூணாற்றில் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்ல முடிந்தது. இரண்டு என்று தெரிந்த அன்றே அந்த ஆறுதல் போய்விட்டது. நீலகிரியில் போனால் உலகத்திலேயே போனது. ஆய்வகத்தில் செய்த பாடபேத ஒப்பீடு ஒரு பறவையின் ஆபத்தை அளக்கும் கோலையே மாற்றிவிட்டது. பெயர் சூட்டுவது அறிஞர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் 'ஒரு படி கீழே' என்ற சொல் தெற்கத்தியதின் நிலையை மறைத்துவிடக் கூடாது. 1870களில் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை முன்ரோ என்ற பிரிட்டிஷ்காரர் குத்தகைக்கு எடுத்தார். அதன்பின் வந்த தேயிலை மலைகளைச் சீப்பு வாரியதுபோல மாற்றியது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் நம் தென்மாவட்டத்துச் சனங்கள். இன்றும் மூணாற்று லயங்களில் கேட்பது தமிழ்தான். தேயிலைக்குப் பிறகு விறகுக்கும் காகிதக் கூழுக்கும் தோல் பதனிடவும் அயல்மரங்கள் வந்தன. நீலகிரிக்காரர்கள் கற்பூர மரம், சீகை என்பார்கள்; வட்டவடையில் கிராண்டிஸ், வாட்டில் என்பார்கள். பழனி மலையை 40 ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்டு அரசுமணியும் ராபினும் பிறரும் 2018இல் வெளியிட்ட கணக்கில், புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தது. சோலையில் 31 சதவீதம் போயிருந்தது.

எட்டடிப் பாதைக்குத் தயங்கும் பறவைக்கு ஒரு கிலோமீட்டர் தேயிலை என்ன? அது ஒரு சின்ன பாலக்காட்டுக் கணவாய். பெரிய கணவாய் பறவையைப் பிரித்தபோது இருபுறமும் பெரிய மலைகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் பறவைகள் ஏராளம். நாம் திறந்த சிறு கணவாய்கள் ஒவ்வொரு துண்டிலும் சில ஜோடிகளை மட்டும் விட்டுவைக்கின்றன. சுவடிக் கணக்கில் சொன்னால், ஒரு ஊரில் படியெடுப்பவர் இரண்டே பேர். அவர்களிடம் இருக்கும் பாடம் போனால் மீட்க வேறு படி இல்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு சுவடி வந்து கலப்பதற்கு மரபணு ஓட்டம் என்று பெயர். ஆனைமலை, பழனிப் பகுதிகளில் வெண்வயிற்றுச் சோலைக்கிளியையும் சிரிப்பானையும் சேர்த்து ஆராய்ந்து 2015இல் வெளியான மரபணு ஆய்வு பழைய ஓட்டத்தையும் இன்றைய ஓட்டத்தையும் தனித்தனியே கணித்தது. அண்மைய மனிதத் துண்டாக்கலின் தடம் இரண்டு பறவைகளிலும் இருந்தது. தீவுக்குள் தீவு என்றே அந்த ஆய்வுக்குப் பெயர் வைத்தார்கள்.

வெப்பம் கூடக்கூடச் சோலைக்கு ஏற்ற குளிர் மேலே நகரும். கீழ் விளிம்பிலிருக்கும் பறவை மேலே ஏறலாம். உச்சியில் இருப்பது எங்கே ஏறும்?

செய்வதற்கு வேலை இருக்கிறது, நடக்கவும் செய்கிறது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கேரளம் முழுவதையும் கட்டம் கட்டமாக நடந்து பறவைக் கணக்கெடுத்தார்கள். புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்தவர்கள் அவர்கள்தான். வட்டவடைக்கு அருகே பழத்தோட்டம் பகுதியில் வனத்துறையும் ஊர்மக்களும் வாட்டிலை அகற்றிப் புல்வெளியை மீட்கிறார்கள். இதிலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிட முடியாது. சில இடங்களில் வாட்டில் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் முளைத்து வருகின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் கன்றும் போகும், கன்றை நம்பி அடுத்த துண்டுக்குப் போக நினைத்த பறவையும் நிற்கும். புல்வெளிக்கு வெட்ட வேண்டும், சோலைக்கு விட்டுவைக்க வேண்டும். எந்த மடிப்பில் எது என்று ஒவ்வொரு சரிவாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வட்டவடையில் அன்று மாலை மறுபடி போனேன். பாதைக்குக் கீழே சோலை முடிந்து, கிராண்டிஸ் வெட்டிய வெறுஞ்சரிவு ஒன்று இறங்கியது. கேரட்டும் பூண்டும் போட்ட வயல் அதற்கப்பால். எதிர்மேட்டில் இன்னொரு சோலைத் துண்டு. நடுவில் அரைக் கிலோமீட்டர் இருக்கலாம். வெளிச்சம் மங்கியதும் என் பக்கத்துச் சோலைக்கிளி தொடங்கியது. சற்றுப் பொறுத்து எதிர்மேட்டிலிருந்து இன்னொன்று, மெல்லியதாக, ஆனால் ஒவ்வொரு சுரமும் தெளிவாக. இது நிறுத்தியது. அது முடித்ததும் இது மறுபடி பாடியது. இருட்டும்வரை இரண்டும் மாறி மாறிப் பாடின. என் பக்கத்தது விளிம்பின் கடைசிப் புதர்வரை வந்திருந்தது. அதற்கு மேல் ஓரடியும் வரவில்லை.